பார்க்கத்தான் போகிறேன்

சித்தன்னவாசல் பக்கத்தில் 'டூரிஸ்ட்' என்றால் இரண்டு வகை ஆட்கள்தான். ஒருவர், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காரிலிருந்து இறங்கி மலையேறும் வெள்ளைக்காரர். இன்னொருவர் நம்மூர்க்காரர், மலேசியாவுக்கு 'டூரிஸ்ட்டுல' போனவர். அவர் எந்தக் கோபுரத்தையும் பார்க்கப் போயிருக்க மாட்டார். ஏதாவது சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கட்டடத்தில் சாரம் கட்டிக்கொண்டிருப்பார். விசா நாள் முடிந்ததும் போலீசைக் கண்டால் ஒதுங்குவார். ஊருக்குப் பணம் வரும். ஆள் வர வருடமாகும். அவர் மனைவியிடம் கேட்டால், "டூரிஸ்ட்டுல போயிருக்காக" என்று சாதாரணமாகச் சொல்வார். அதில் பொய் சொல்கிறோம் என்ற கூச்சம் துளியும் இருக்காது. விசாவில் அது ஒரு வகை, அவ்வளவுதான்.

இந்த இரண்டு வகையிலும் சேராமல், பணி ஓய்வு பெற்ற ஒரு டிராயிங் மாஸ்டர், வேலைக்கும் இல்லை, பிள்ளையைப் பார்க்கவும் இல்லை, சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று 2023-ல் விண்ணப்பம் போட்டால் யார் நம்புவார்கள்?

புதுக்கோட்டைச் சீமையில் கடல் தாண்டிப் போவது புதிதல்ல. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தடுப்பூசி போட்டுக்கொண்டு நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அன்னவாசலில், கடல் கடந்து போன சபராளி வீடு என்று சொன்னால் வழிகாட்ட ஆள் இருந்தது. போனவர்கள் எல்லோரும் பிழைக்கப் போனவர்கள். பார்க்கப் போனவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பார்ப்பதற்கு வருகிறவர்கள் எல்லாம் எங்களிடம்தான் வந்தார்கள்.

சின்ன வயதில் அவர்கள் பின்னாலேயே திரிந்திருக்கிறேன். அறிவர் கோயில் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. பூப் பறிக்கும் ஆட்கள், மீன், யானை, எருமை, அன்னம் எல்லாம் அந்தக் குளத்துக்குள். தூண்களில் ஆடும் பெண்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து வெளியே வருகிறவர்களை மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டத்துக்குக் கூட்டிப் போவது எங்கள் வேலை. அங்கே குகைக்குள் சமணத் துறவிகளுக்கு வெட்டிய வழுவழுப்பான 17 கல் படுக்கைகள். சரிவில் கால் வைக்கப் பயந்து நிற்கும் வெள்ளைக்கார அம்மாக்களுக்குக் கைகொடுப்போம். ஒரு முறை ஓர் அம்மா, காலையிலிருந்து சாயங்காலம் வரை கோயில் வாசலிலேயே உட்கார்ந்து ஒரே ஒரு தாமரை இலையை வரைந்துகொண்டிருந்தார். இலையின் பச்சை சரியாக வரவில்லை போல. கலந்து கலந்து ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "இதுக்குப் போயா அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்துச்சு?" என்றேன் அப்பத்தாவிடம். "வயித்துப்பாடு இல்லாத சீமை போலருக்கு" என்றாள்.

நான் டிராயிங் மாஸ்டர் ஆனதற்கு அந்தப் பச்சைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வேறு படிப்பு கிடைக்கவில்லை. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது ஒரு புத்தகத்தில் பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையின் காளைகளைப் பார்த்தேன். 17,000 ஆண்டுக்கு மேற்பட்டவை என்று போட்டிருந்தது. எங்கள் மலை ஓவியத்துக்கு வயது ஆயிரத்து நூற்றுச் சொச்சம்தான். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் இரண்டிலும் கை வைத்த பொருள் ஒன்றுதான்: காவி மண், மஞ்சள் மண். பாறைக்கு முன்னால் நின்று மண்ணைக் குழைத்தவன் இங்கேயும் அங்கேயும் என்ன யோசித்திருப்பான் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த ஆசை பணிக்காலம் முழுக்க உள்ளேயே கிடந்தது. அரசுப் பணியில் இருக்கிறவர் பாஸ்போர்ட் எடுப்பதென்றாலே துறைக்குத் தெரிவிக்க வேண்டும், வெளிநாடு போவதென்றால் துறையின் முன் அனுமதி வேண்டும். கோப்பு தலைமையாசிரியரிடமிருந்து கிளம்பி மேலே மேலே போகும். ஒரு டிராயிங் மாஸ்டரின் கோப்பு எந்த மேசையில் எவ்வளவு நேரம் தூங்கும் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகுதான் திருச்சிக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் முதலில் போனேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "டூரிஸ்ட்டுன்னே போட்டுக்கலாம் சார், பிரச்சினை இல்ல. உண்மையில எதுக்குப் போறீங்க? எங்கிட்டச் சொன்னாத்தானே பேப்பர் ரெடி பண்ண முடியும்?"

"ஒரு குகையைப் பார்க்கணும்."

"சார், பையன் யாராச்சும் அங்கே இருக்கானா?"

"இல்லீங்க."

"பின்னே?"

அந்தக் குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விட்ட மூச்சுக் காற்றில் ஓவியத்தின் மேல் பாசி படர ஆரம்பித்தது. இப்போது பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு நகலைக் கட்டி, அதைத்தான் காட்டுகிறார்கள் என்று நான் விளக்கியிருக்கக் கூடாது. "நகலைப் பார்க்கவா?" என்று கேட்டவர், அதன் பிறகு என்னை மரியாதையோடுதான் நடத்தினார். ஆனால் நம்பவில்லை. எந்த ரகசிய வேலையாகப் போகிறேன் என்பதைக் கடைசி வரை நான் சொல்லாமல் மறைத்துவிட்டேன் என்பதில் இன்றும் அவருக்கு வருத்தம் உண்டு.

வீட்டில் கதை வேறு. "பாறைக்குப் பக்கத்துல பொறந்துட்டு, பாறையப் பாக்கப் பிரான்சுக்குப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி. கூட வரச் சொன்னதற்கு முடியாது என்றாள். மாட்டை யார் பார்ப்பது? அது விண்ணப்பத்துக்கு நல்லதாகப் போயிற்று. பிரான்சுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு எத்தனை காகிதம் கேட்டாலும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்? மனைவி ஊரில் இருக்கிறாள், வீட்டுப் பட்டா என் பெயரில், ஓய்வூதியக் கொடுப்பாணை இதோ, மாதா மாதம் பணம் விழுகிற கணக்கு இதோ என்று அடுக்க வேண்டும். இதை விளக்கியபோது அவள் கேட்டாள்: "அப்ப நான்தான் பணயமா?"

ஓய்வூதியக்காரர்களுக்கு இப்படி நிரூபிப்பது பழக்கமான வேலை. ஆண்டுக்கு ஒரு முறை கருவூலத்துக்குப் போய் நேர்காணலில் உட்கார்ந்து, நான் சாகவில்லை என்று காட்டிவிட்டு வருகிறவர்கள்தானே நாங்கள். உயிரோடு இருப்பதைக் காட்ட ஆள் போனால் போதும். திரும்பி வருவதைக் காட்டுவதுதான் கஷ்டம், அது இன்னும் நடக்கவில்லையே.

என் கணக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில். 1937 பிப்ரவரி 10-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த வங்கி அது. கடல் கடந்து கொண்டுவிற்ற செட்டிமார்களின் பணத்துக்காகப் பிறந்தது. கிளையில் ஒரு பெண், மூன்று மாதக் கணக்கை அச்செடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தித் தந்தார். "லோன் எதுவும் வேணுமா சார்?" என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கேள்வி கேட்காமல் காகிதம் தந்தவர் அவர் ஒருவரே.

போட்டோ கீழ ராஜ வீதியில். அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45, முகம் மட்டும் படத்தின் முக்கால் பங்கை அடைக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. ஆயுள் முழுக்கப் பையன்களுக்கு முக அளவு சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த விகிதம் உறுத்தியது. தோளும் கழுத்தும் இல்லாத முகம் யாருடையதாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்த மனைவி, "ரேஷன் கார்டுல இதவிட நல்லாருந்தீங்க" என்றாள். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்தது. இலுப்பூர்ச் சந்தையைத் தாண்டி அதிகம் போகாத மனுஷன், பிரான்சில் ஓட்டல் ஓட்டலாகக் கூப்பிடப்படப் போகிறார்.

நான் எதிர்பாராமல் நின்றுபோன இடம் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும் என்பது விதி. காப்பீட்டு முகவர் தம்பி வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தான்: மருத்துவம், அவசர சிகிச்சை, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏதாச்சும் ஆயிட்டா... ஊருக்குக் கொண்டாந்து சேக்குற செலவும் இதுல வந்துரும் சார்." அதாவது பொணமாகவாவது திரும்பி விடுவேன் என்பதற்கும் அத்தாட்சி கொடுக்க வேண்டும்.

புதுக்கோட்டைக்காரனுக்கு இதைக் கேட்டதும் ராஜா நினைவு வராமல் இருக்காது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவளை ராணி என்று வெள்ளை அரசாங்கம் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் பிரான்சில்தான் வாசம். 1928-ல் பாரிசில் ராஜா இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை, லண்டனில் எரித்தார்கள். எங்கள் சீமையிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களில் பேர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரும் திரும்பவில்லை. முகவர் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்ப இன்சூரன்ஸ் இல்லையே சார்" என்றான்.

விசாவின் பெயரில் இருக்கும் ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். 1985 ஜூன் 14-ல் ஐந்து நாடுகள் அந்த ஆற்றில் ஒரு படகில் உட்கார்ந்து, தங்களுக்குள் எல்லைச் சோதனையை விலக்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டன. திராட்சைத் தோட்டத்துக் கிராமம்; இன்று அதன் பெயர் உலகத்தில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது. சித்தன்னவாசலைவிட அதிர்ஷ்டக்கார ஊர். எங்கள் ஊரைச் சொன்னால் தமிழ்நாட்டிலேயே "சினிமா பாட்டுல வருமே, அதுவா?" என்கிறார்கள்.

விண்ணப்பத்தோடு ஏன் போகிறேன் என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். டிராவல்ஸ்காரர் ஒரு மாதிரி தந்தார். பாரிசின் அழகில் மயங்கி ஈபிள் கோபுரத்தைக் காணத் துடிப்பதாக அதில் எழுதியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன். ஆங்கிலத்தில்தான், பள்ளியில் சர்க்குலர் எழுதிப் பழகிய ஆங்கிலம். எங்கள் ஊர்க் குகை ஓவியத்தைப் பற்றி எழுதினேன். சமஸ்தான வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் இந்தக் கோயிலைக் குறித்ததையும், கொஞ்ச காலத்தில் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரும் டி.ஏ. கோபிநாத ராவும் ஓவியங்களை உலகத்துக்குச் சொன்னதையும் எழுதினேன். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் குகையைப் பார்க்க வந்தார். நூறு வருஷம் கழித்து எங்கள் ஊர்க்காரன் ஒருவன் உங்கள் குகையைப் பார்க்க வர ஆசைப்படுகிறான். இதுதான் சாரம்.

இன்னொன்றும் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். ஏழடிப்பட்டத்தில் ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. வயது சுமார் 2,000 ஆண்டு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை இது என்று அறிஞர்கள் படிக்கிறார்கள். எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று கணிப்பு. எந்த நாடு, பிறந்த ஊர் எது, தங்க இடம் கொடுத்தது யார் என்று மூன்று கேள்விக்கும் பதில் கல்லில் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பயண நோக்கம் என்ன, எப்போது கிளம்புவாய், கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்ற கட்டங்களெல்லாம் அந்தப் பாறையில் இல்லை. விசா அதிகாரிக்கு இது எதற்கு என்று மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினாள். ஆனாலும் விட்டுவைத்தேன். படிக்கிறவருக்கு இந்த ஆள் ஒளிந்து வேலை பார்க்க வருகிறவன் அல்ல, கொஞ்சம் கிறுக்கன் என்றாவது புரியட்டும்.

சென்னைக்குப் போட் மெயிலில் போனேன். ஒரு காலத்தில் எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் தனுஷ்கோடியில் கப்பல் மாறிக் கொழும்பு வரை ஒரே சீட்டில் கொண்டுபோய் விட்டதால் வந்த பெயர். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பம் வாங்குவது தூதரகம் இல்லை. ஒப்பந்தம் எடுத்த தனியார் மையம். கட்டணம் அப்போது 80 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓட்டல் சீட்டு, போக வர விமானச் சீட்டு, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் கவுன்டரில் இருந்த பெண் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்தது. என் மகளைவிடச் சின்னப் பெண்.

"ஃபேமிலி, ஃபிரெண்ட்ஸ் யாராச்சும் அங்கே இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லம்மா."

"மேடம் வரலையா?"

"மாடு இருக்கு."

அது சிரிக்கவில்லை. லாஸ்கோ இருக்கும் மோன்தின்யாக் என்ற ஊரின் ஓட்டல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எல்லோரும் பாரிஸ், சுவிஸ் என்று வருவார்கள். இந்த ஊர்ப் பெயரை அது கேள்விப்பட்டிராது. "இங்கே என்ன சார் இருக்கு?" என்றது. இது படிவத்தில் இல்லாத கேள்வி. கடிதத்தோடு வைத்திருந்த என் படத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் எங்கள் குளத்து எருமை, இன்னொரு பக்கம் லாஸ்கோ காளை, இரண்டும் நான் நகலெடுத்தது. "நீங்க வரைஞ்சதா சார்?" என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது பட்டியலில் இல்லை, சேர்க்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, மற்ற ஒரிஜினல்களையும் சரிபார்த்துத் திருப்பித் தந்து, ஜெராக்ஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டது. நகலை நம்பி நாடே நடக்கிறது. நான் ஒரு நகலைப் பார்க்கப் போவதில் என்ன குற்றம் என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்டிருக்கலாம். பிறகு பத்து விரல் ரேகை. கண்ணாடித் தகட்டில் அழுத்தி அழுத்திப் பார்த்தும் வலது கட்டைவிரல் விழவில்லை. சாக்பீசும் சுண்ணாம்பும் தின்ற விரல். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்ததும் எடுத்துக்கொண்டது.

காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பழவந்தாங்கல் விசா கணபதிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் மலையில் இருப்பவர்கள் தீர்த்தங்கரர்கள்; அவர்களிடம் எதையும் கேட்கிற வழக்கம் இல்லை. கூரியர்க்காரர் ஒரு மத்தியானம் அன்னவாசலிலிருந்து போன் செய்து வழி கேட்டார். உறையைக் கிழித்தால் பாஸ்போர்ட்டில் பச்சையும் ஊதாவுமாக ஒரு சீட்டு, தோளில்லாத என் முகம், தங்கலாம் என்று அனுமதித்த நாள் கணக்கு. நான் கேட்ட அளவுக்குச் சரியாகக் கொடுத்திருந்தார்கள். கடிதத்தை யாராவது படித்தார்களா என்பதற்கு அந்தச் சீட்டில் அடையாளம் ஒன்றும் இல்லை.

போனேன். பாரிசில் குடிநுழைவு அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்திரை குத்தித் தள்ளிவிட்டார். இவ்வளவு காகிதத்துக்கும் பதில் தயாராக வைத்திருந்தவனுக்கு அது ஏமாற்றம்தான். குகையைப் பற்றி, அந்த நகலைப் பற்றி எழுதத் தனியாக இடம் வேண்டும். காளைகள் நன்றாக இருந்தன. சீட்டில் சொன்ன நாளுக்குள் திரும்பிவிட்டேன்.

அதுதான் ஊரில் சிக்கலானது. டீக்கடையில் வந்து உட்கார்ந்தவுடன் எல்லோரும் ஒரு மாதிரி அனுசரணையாகப் பேசினார்கள். கடைசியில் எதிர்வீட்டு அண்ணன்தான் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். "விடுங்க வாத்தியாரே. திருப்பி அனுப்பிட்டானுங்களா? நம்ம மச்சினனையும் கோலாலம்பூர் ஏர்போர்ட்லேயே வச்சு அனுப்பிட்டானுங்க. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்." பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். "சரி சரி" என்றார்.

ஆனால் விசா வாங்கத் தெரிந்தவர் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அடுத்த வருஷம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போனோடு வந்தான். கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலையாம், டேட்டா என்ட்ரி. மாதச் சம்பளத்தைச் சொன்னான், பெரிய தொகை. ஆன்லைனில் டூரிஸ்ட் விசா போட்டுத் தர வேண்டும், அங்கே போனதும் மாற்றிக்கொடுப்பார்களாம். கம்போடியா, மியான்மர், தாய்லாந்து எல்லை என்று நம் பையன்களை இப்படித்தான் கொண்டுபோய், கம்பி வேலிக்குள் அடைத்து, போனில் ஆட்களை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைக்கிறார்கள். 2022-ல் மியான்மரில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பையன்களை மீட்டுக்கொண்டு வந்தது பத்திரிகைகளில் வந்ததுதான்.

"சரிடா, டூரிஸ்ட்டுன்னு போட்டா, அங்கே என்ன பாக்கப் போறேன்னு கேப்பாங்களே?"

"அங்கோர் வாட் சார்." ஏஜென்ட் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"அது என்ன?"

"கோயிலு சார்."

"யாரு கட்டினது?"

"அதெல்லாமா சார் கேப்பாங்க?"

வேலைக்கு அனுப்புகிற ஏஜென்ட் என்றால் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பட்டியல் இருக்கிறது. அவன் போனிலேயே தேடினோம். அந்த ஆளின் பெயர் இல்லை. வேலைக்கான ஒப்பந்தம் எங்கே, கம்பெனி முகவரி என்ன, முதலில் எவ்வளவு கட்டச் சொன்னார்கள், ஏன் டூரிஸ்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். பையன் முகம் சுருங்கியது. விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவன் போகவில்லை. இப்போது திருச்சியில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறான். அவனுடைய அப்பா என்னோடு பேசுவதில்லை. வாத்தியார் மட்டும் பிரான்சு வரைக்கும் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்தார், எம் பையன் போறதுன்னா மட்டும் ஆயிரம் கேள்வி கேக்குறார் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.